மலைப்பள்ளியில் நீராவிப்போக்கு சோதனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடநூலில் இந்தச் சோதனை சில வரிகளில் முடிந்துவிடும். தொட்டிச் செடியை மணி ஜாடியால் மூடு, சில மணி நேரம் கழித்துப் பார், உட்புறம் நீர்த்துளிகள் இருக்கும், ஆகவே செடி நீராவியை வெளிவிட்டது. மதுரையில் மார்ச் மாதம் செய்தால் இது போதும். உதகையிலோ கூடலூரிலோ ஜூலை மாதம் செய்தால் ஜன்னல் கண்ணாடியும் ஈரம், சாரின் மூக்குக்கண்ணாடியும் ஈரம். அங்கே ஜாடி மட்டும் ஈரமாக இருப்பதை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? நீலகிரியில் இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும், செய்முறைக்குப் பிள்ளைகளுக்கு உதவும் பெற்றோரும் கேட்கிற கேள்விகள் இவை.

நீராவிப்போக்கு என்றால் என்ன, சுருக்கமாக?

வேர் உறிஞ்சும் நீர் சைலம் குழாய்கள் வழியாக இலைக்கு ஏறுகிறது. இலைக்குள் இருக்கும் ஈரமான செல் சுவர்களில் ஆவியாகி, இலைத்துளைகள் வழியாக வெளிக்காற்றில் கலக்கிறது. 90 சதவீதத்துக்கு மேல் இந்த வழிதான். மீதி, இலையின் மெழுகுப் படலமான கியூட்டிகிள் வழியாகவும் தண்டின் பட்டைத்துளைகள் வழியாகவும் கசியும். வேர் எடுக்கும் நீரில் 97 முதல் 99 சதவீதம்வரை இப்படி வெளியே போய்விடுகிறது.

இதைச் சொன்னதும் யாராவது ஒரு மாணவி, “அப்படியென்றால் செடி தண்ணீரை வீணாக்குகிறதா மிஸ்?” என்று கேட்பாள். நல்ல கேள்வி. ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வர வேண்டுமானால் இலைத்துளை திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறுவதைத் தடுக்க முடியாது. அந்த இழப்பிலும் செடிக்கு ஆதாயம் உண்டு. இலை குளிர்கிறது, மேலே ஆவியாகும் நீர் கீழே இருக்கும் நீரை இழுத்துக்கொண்டு வருகிறது. மரத்தின் உச்சிவரை நீர் ஏறுவதற்கு இந்த இழுவிசைதான் காரணம் என்று டிக்சனும் ஜோலியும் 1894-இல் முன்வைத்த விளக்கத்தைத்தான் இன்றும் பாடமாகப் படிக்கிறோம்.

செடி இல்லாத ஜாடியிலும் துளி வந்துவிட்டது. சோதனை தோல்வியா?

தோல்வி இல்லை. இந்த மலையில் சோதனையே அந்த இரண்டாவது ஜாடிதான் என்பது என் கட்சி. செடி உள்ள ஜாடி மட்டும் ஈரமானால் அது எதையும் நிரூபிக்காது. ஈரம் செடியிலிருந்து வந்ததா, தொட்டி மண்ணிலிருந்து வந்ததா, ஜாடிக்குள் ஏற்கெனவே இருந்த காற்றிலிருந்து வந்ததா என்று மூன்று சந்தேகம் இருக்கிறது. சமவெளியில் வறண்ட நாளில் மூன்றாவது சந்தேகத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். இங்கே முடியாது.

ஆனால் அந்தச் சந்தேகத்தை ஒரு சின்னக் கணக்கால் அடக்கிவிடலாம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும். ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கன மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆக அந்தப் பாட்டிலுக்குள் இருக்கும் காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் அதில் உள்ள நீர் 17 மில்லிகிராம்தான். சொட்டுக்குழாயிலிருந்து விழும் ஒரு துளி ஏறக்குறைய 50 மில்லிகிராம். அதாவது பாட்டில் காற்றின் ஈரம் முழுவதையும் பிழிந்து எடுத்தாலும் ஒரு துளியில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். 10 டிகிரி குளிரில் இன்னும் குறைவு, சுமார் 9 மில்லிகிராம்.

எனவே வெற்று பாட்டிலின் சுவரில் மங்கலாகப் பனி படரலாம். அடியில் தண்ணீர் தேங்காது. கிளை வைத்த பாட்டிலின் அடியில் அரை டீஸ்பூன் தண்ணீர் தேங்கினால், அதைக் காற்றின் கணக்கில் எழுதவே முடியாது. இந்தக் கணக்கைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளையே கரும்பலகையில் போடச் சொல்லுங்கள். துளி வந்ததா வரவில்லையா என்று பார்ப்பதை விட, எவ்வளவு வந்தது என்று கேட்பதுதான் இங்கே பயன் தரும்.

சரி, எத்தனை பாட்டில் வைக்க வேண்டும்? எப்படி அடுக்குவது?

ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடி பாட்டில்கள். ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில், பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் எதுவானாலும் சரி. கழுவி, வெயிலிலோ அடுப்படியிலோ நன்றாகக் காயவைத்து, மூன்றையும் சோதனை செய்யும் இடத்திலேயே கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். மூன்றுக்குள்ளும் ஒரே காற்று, ஒரே வெப்பநிலை இருக்க வேண்டும் என்பதற்காக.

முதல் பாட்டிலுக்குள் செடியிலிருந்து வெட்டாத ஓர் இலைக்கொத்தை நுழைக்க வேண்டும். இரண்டாவதில் அதே செடியின் இன்னொரு கிளை, ஆனால் இலைகளைக் கிள்ளிவிட்டு, கிள்ளிய காயங்களில் வாசலின் தடவியது. மூன்றாவது வெறும் பாட்டில். மூன்றின் வாயையும் வாசலின் தடவிய பஞ்சால் அடைத்து, ஒரே நேரத்தில், ஒரே வெயிலில் விடுங்கள். கிளை நுழைந்த பாட்டில் கனம் தாங்காமல் தொங்கும்; அடியில் ஒரு செங்கல்லோ ஸ்டூலோ முட்டுக்கொடுங்கள், வாய் சற்று மேல்நோக்கி இருக்கட்டும்.

தொட்டியை முழுதாக மூடாமல் கிளையை மட்டும் அடைப்பதில் ஒரு லாபம்: மண்ணின் ஈரம் பற்றிய சந்தேகம் தானாகவே போய்விடுகிறது. பாட்டில் வாயைச் சிலர் மைதா மாவைப் பிசைந்து அடைப்பார்கள். வேண்டாம். மாவில் இருக்கும் தண்ணீரும் உள்ளே ஆவியாகும். ஈரக் களிமண்ணும் அப்படியே.

காலை 10 மணிக்கு மூடினால் மதிய உணவு இடைவேளையில் வித்தியாசம் தெரியும். வெயில் தலைகாட்டாத நாளில் நேரம் கூடுதலாகப் பிடிக்கும்.

யூடியூபில் எல்லோரும் பாலித்தீன் பையைக் கட்டுகிறார்களே?

கட்டலாம், அறிவியல்படி அதில் தவறில்லை. ஆனால் நீலகிரியில் பிளாஸ்டிக் கைப்பைக்குத் தடை, தமிழ்நாடு முழுக்க 2019 ஜனவரி 1-ஆம் தேதி தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது. பர்லியாறு சோதனைச்சாவடியில் சுற்றுலா வண்டிகளை நிறுத்தித் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம், ஆளுக்கொரு பாலித்தீன் பை கொண்டு வா என்று வகுப்பில் சொல்வது எப்படி இருக்கும்? கண்ணாடி பாட்டில் திரும்பத் திரும்ப உதவும், இலையில் ஒட்டிக்கொள்ளாது, தேங்கிய நீரை அளக்கவும் வசதி. பையில் இலை ஒட்டினால் அது துளியா, ஒட்டிய ஈரமா என்று வேறு ஒரு வாக்குவாதம் வரும்.

எந்தச் செடி நல்லது?

அகலமான, மெல்லிய இலை உள்ள எதுவும். ஹைட்ரேஞ்சியா ஊட்டியில் வேலியோரமெல்லாம் கிடக்கிறது, அதைவிட வசதியான செடி கிடையாது. டேலியா, ஜெரேனியம், பீன்ஸ் கொடி எல்லாம் நன்றாக வேலை செய்யும். தேயிலையில் செய்வதானால் கொழுந்து விட்டுக்கொண்டிருக்கும் கிளையை எடுங்கள்; முற்றிய தடித்த இலையில் மெதுவாகத்தான் நடக்கும்.

கற்றாழை, கள்ளி, ரணகள்ளி வேண்டவே வேண்டாம். இவற்றில் பல, பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு இரவில் திறப்பவை. பகல் முழுக்கக் காத்திருந்து பார்த்தால் வெற்று பாட்டிலுக்கும் இதற்கும் வித்தியாசமே இருக்காது. ஒன்பதாம், பத்தாம் வகுப்பில் ஆர்வமுள்ள ஒரு குழுவுக்கு மட்டும் இதையே தனி வேலையாகக் கொடுக்கலாம், அது வேறு விஷயம்.

கோபால்ட் குளோரைடு தாள் எடுத்த உடனே இளஞ்சிவப்பாகிவிடுகிறது. என்ன செய்வது?

அந்தத் தாள் காய்ந்திருந்தால் நீலம், ஈரம் பட்டால் இளஞ்சிவப்பு. பனிமூட்டம் வகுப்புக்குள் நுழைந்த நாளில் அதற்கு இலை தேவையில்லை, காற்றே போதும். தாளை இஸ்திரிப் பெட்டியின் மிதமான சூட்டிலோ மின்விளக்கின் அருகிலோ நன்றாக நீலமாகும்வரை காயவைத்து, சூடு ஆறுவதற்குள் மூடியுள்ள சிறு பாட்டிலில் போட்டு வையுங்கள். பாட்டிலுக்குள் கொஞ்சம் சிலிக்கா ஜெல் போட்டால் இன்னும் நல்லது; புது ஷூ பெட்டியில் வரும் சிறு பொட்டலம்தான் அது. அப்புறம் இலையின் மேல்பக்கம் ஒரு துண்டு, கீழ்ப்பக்கம் ஒரு துண்டு வைத்து, இரண்டு கண்ணாடிச் சில்லுகளால் உடனே அழுத்திக் கிளிப் போட்டுவிட வேண்டும். பக்கத்திலேயே இலை இல்லாமல், இரண்டு சில்லுகளுக்கு நடுவே ஒரு தாள் மட்டும் வைத்து இன்னொரு ஜோடி. அது நிறம் மாறுவதற்கு முன் இலையோடு இருக்கும் தாள் மாறினால்தான் கணக்கு.

தேயிலையில் இலைத்துளைகள் எல்லாம் கீழ்ப்பக்கம்தான், அதனால் கீழே வைத்த தாள் முந்திக்கொள்ளும். கோபால்ட் உப்பு நச்சுத்தன்மை உடையது. இடுக்கியால் எடுக்க வேண்டும், சின்ன வகுப்புப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது, முடிந்ததும் கை கழுவ வேண்டும். உலர்த்தினால் மறுபடி நீலமாகும், ஆகவே தாளைத் தூக்கி எறியவும் தேவையில்லை.

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் வாரக்கணக்கில் வெயிலே இல்லை. அப்போது?

துளியை மறந்துவிட்டு எடையைப் பாருங்கள். காற்று எவ்வளவு ஈரமாக இருந்தாலும் தராசு பனிமூட்டத்தைப் பார்த்து ஏமாறாது. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். தொட்டிச் செடிக்கு நீர் ஊற்றி, வடியவிட்டு, தொட்டியையும் மண்ணையும் அலுமினியத் தாளால் தண்டுவரை இறுக்கிச் சுற்றுங்கள். அதே அளவு மண்ணும் நீரும் உள்ள, செடி இல்லாத இன்னொரு தொட்டியையும் அதே மாதிரி சுற்றுங்கள். இரண்டையும் எடைபோட்டு, ஒரு மேசை விளக்கின் கீழ் வைத்து, காலையும் மாலையும் எடையைக் குறித்துக்கொண்டே வரலாம். நிறையும் ஈரக் காற்றில் நீராவிப்போக்கு மெதுவாகும், நிற்காது. விளக்கொளி இலையைச் சுற்றுக்காற்றை விடக் கொஞ்சம் சூடாக்கினாலே உள்ளிருக்கும் நீராவி வெளியே தள்ளப்படும்.

“ஒளிச்சேர்க்கையால் செடியின் எடை கூடுமே, அதைக் கழிக்க வேண்டாமா?” என்று விவரமான பிள்ளை கேட்கும். ஒரு கிராம் உலர் எடை சேர்ப்பதற்குப் பெரும்பாலான செடிகள் சில நூறு கிராம் நீரை வெளிவிடுகின்றன. நம் தராசு அந்தக் கூடுதலைக் கண்டுபிடிக்காது.

எளிய இன்னொரு வழி, இரண்டு சோதனைக் குழாயில் ஒரே மட்டத்துக்கு நீர், ஒன்றில் இலையுள்ள கிளை, மற்றதில் இலை கிள்ளிய கிளை, நீர் மேலே ஆவியாகாமல் ஒரு படலம் எண்ணெய். இங்கே ஒரு மலைப் பிரச்சினை: தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், ஊட்டி வகுப்பறையில் அது எண்ணெய் அல்ல, மெழுகு மூடி. நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் ஊற்றுங்கள். வாசலினும் குளிரில் கெட்டிப்படும், டப்பாவைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் வைத்தால் தடவ வரும்.

காலையில் இலை நுனியில் முத்து முத்தாக நிற்பது நீராவிப்போக்கா?

இல்லை. நீராவிப்போக்கில் வெளியேறுவது ஆவி, கண்ணுக்குத் தெரியாது. காலையில் இலையில் நிற்கும் நீர் இரண்டு வகை. ஒன்று பனித்துளி: காற்றின் ஈரம் குளிர்ந்த இலைமேல் படிந்தது. இலைப்பரப்பு முழுக்க, பக்கத்துக் கம்பி வேலியில், சைக்கிள் சீட்டில் எல்லாம் இருக்கும். இன்னொன்று நீர் வடிதல். இரவில் மண் ஈரமாகவும் காற்று நிறைந்த ஈரத்தோடும் இருக்கும்போது, வேர் அழுத்தத்தால் ஏறிய நீர் ஆவியாக வழியில்லாமல் இலை விளிம்பில் இருக்கும் நீர்த்துளைகள் வழியே திரவமாகவே வெளிவரும். புல் நுனியிலும், ஸ்ட்ராபெர்ரி, முட்டைக்கோஸ் இலையின் விளிம்பிலும் வரிசையாக நிற்பது இதுதான்.

பிரித்துக் காட்ட ஒரு நல்ல வேலை இருக்கிறது. இலை விளிம்புத் துளியை ஒரு கண்ணாடிச் சில்லில் எடுத்துக் காயவையுங்கள். பக்கத்தில் பாட்டிலில் தேங்கிய நீரில் ஒரு துளி. விளிம்புத் துளியில் கரைந்த உப்புகள் இருப்பதால் காய்ந்தபின் லேசான வெள்ளைத் தடம் விடலாம். பாட்டில் துளி ஆவியாகிக் குளிர்ந்த நீர், பாட்டில் சுத்தமாக இருந்திருந்தால் தடமே விடாது. இந்த ஜில்லாவில் காய்கறித் தோட்டம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் துளிகள் பழக்கம். தோட்டத்துக்குள் இறங்கினால் காலையிலேயே பாவாடை நனைவது எதனால் என்று கேட்டால் வகுப்பு களைகட்டும்.

ஒரு செடி ஒரு நாளில் எவ்வளவு நீர் விடும்? யாராவது அளந்தார்களா?

இங்கிலாந்தில் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ் 1724-இல் அளந்து, 1727-இல் வெளியிட்டார். மூன்றரை அடி உயரச் சூரியகாந்தியைத் தொட்டியோடு எடுத்து, மண்ணை மெல்லிய ஈயத் தகட்டால் மூடி, தினமும் எடைபோட்டார். பகல் 12 மணி நேரத்தில் சராசரி 20 அவுன்ஸ் இழப்பு, அரை லிட்டருக்கு மேல். நாம் அலுமினியத் தாள் சுற்றிச் செய்வது அவர் செய்ததேதான். இவ்வளவு பழைய சோதனைக்கு இன்றும் தராசைத் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

கற்பூர மரம் (யூகலிப்டஸ்) தண்ணீரையெல்லாம் குடித்துவிடுகிறது என்கிறார்களே, இதே சோதனையில் காட்டலாமா?

காட்ட முடியாது, காட்டுவதாகச் சொல்லவும் கூடாது. கற்பூர மரக் கிளையில் ஒரு பாட்டில், சோலை (மலையின் இயற்கைக் காடு) மரக் கிளையில் ஒரு பாட்டில் கட்டி, எதில் அதிக நீர் என்று பார்த்தால் கிடைப்பது இரண்டு கிளைகளைப் பற்றிய செய்தி மட்டுமே. இலையின் வயது, பரப்பு, வெயில் பட்ட கோணம் எல்லாம் வேறு. மூடிய பாட்டிலுக்குள் காற்று சீக்கிரமே ஈரம் நிறைந்துபோவதால் இயல்பான வேகமும் கெட்டுவிடும். ஒரு மலைச்சரிவு எவ்வளவு நீரை இழக்கிறது என்பதற்கு ஒரு பாட்டில் பதில் சொல்லாது.

அதற்கு ஓடையைத்தான் அளக்க வேண்டும். அதைச் செய்தும் இருக்கிறார்கள். உதகையில் உள்ள மத்திய அரசின் மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், கிளன்மார்கன் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டது, மற்றதில் கற்பூர மரம் நட்டது. இரண்டிலிருந்தும் வெளியேறும் நீரைப் பல ஆண்டுகள் அளந்தது. மரம் நட்ட பகுதியில் முதல் 10 ஆண்டுச் சுழற்சியில் நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தழைத்து வந்த இரண்டாவது சுழற்சியில் சுமார் 25 சதவீதம். ஆழமான வேர், வருடம் முழுக்க இலை, இலையில் தங்கி அப்படியே ஆவியாகும் மழை எல்லாம் இதில் சேர்த்தி. ஒப்பீடு புல்வெளியோடு என்பதைக் கவனியுங்கள். சோலையோடு ஒப்பிட்டதாக யாராவது மேடையில் சொன்னால் அது வேறு கதை.

இந்த அளவீட்டையே வகுப்பில் சொல்லிவிட்டு, இதிலும் மரமில்லாத நீர்ப்பிடிப்புதான் நம் வெற்று பாட்டில் என்று காட்டினால் ஒப்பீட்டுச் சோதனை என்பது பிள்ளைகள் மனதில் நன்றாகப் பதியும்.

சோலைக்காடு விடும் நீராவிதான் மிஸ்ட்டா?

பெரும்பாலும் இல்லை. கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மேகமாகிறது. நாம் அந்த மேகத்துக்குள் நிற்கிறோம். காடு விடும் ஈரமும் அதில் கலக்கும். பனிமூட்டம் சூழ்ந்திருக்கும் நேரத்தில் மரங்களின் நீராவிப்போக்கு குறையத்தான் செய்கிறது.

பறித்த தேயிலையிலும் நீராவிப்போக்கு நடக்குமா?

பறித்த பிறகு கீழேயிருந்து நீர் ஏறாது, ஆனால் இலையில் இருக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். தொழிற்சாலையில் இலையை நீண்ட தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்றை ஊதி வாட்டுவது இந்த இழப்பைத் திட்டமிட்டு நடத்துவதுதான். பச்சை இலையின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். 100 கிலோ பச்சை இலையிலிருந்து ஏறத்தாழ 22 முதல் 25 கிலோ தேயிலைத்தூள் வருவது இதனால்தான். அம்மா எஸ்டேட்டில் இலை பறிப்பவர் என்றால், பறித்த இலையை வெயிலில் போடாமல் நிழலில் வைப்பது ஏன் என்று பிள்ளை வீட்டில் கேட்டு வரட்டும்.

மலையில் காற்றழுத்தம் குறைவு. அது சோதனையைப் பாதிக்குமா?

கொஞ்சம். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவு. அடர்த்தி குறைந்த காற்றில் நீராவி வேகமாகப் பரவும். ஆனால் குளிர் அதைவிடப் பெரிதாக எதிர்ப்பக்கம் இழுக்கிறது. பள்ளிச் சோதனையில் இதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது.

போட்டோமீட்டர் இல்லாமல் முடியாதா?

முடியும், மேலே சொன்னதெல்லாம் அது இல்லாமல்தான். கானாங் போட்டோமீட்டர் பள்ளியில் இருந்தால் பயன்படுத்துங்கள், கிளையை நீருக்குள் வைத்தே வெட்டுங்கள், இல்லாவிட்டால் சைலத்தில் காற்று புகுந்துவிடும். அது அளப்பது செடி உறிஞ்சும் நீரை. வெளிவிடும் நீரை அல்ல. இரண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே போகும்.

பாட்டிலை மூடி வைத்தால் செடி செத்துவிடுமா?

ஒரு பகலில் ஆகாது. நேரடி வெயிலில் மூடிய கண்ணாடிக்குள் சூடு ஏறி இலை வெந்துபோகலாம், அதனால் பளீரென்று அடிக்கும் ஜனவரி, பிப்ரவரி வெயிலில் உச்சி நேரத்தில் மட்டும் சற்று நிழல் கொடுங்கள். பள்ளி விடும் மணிக்கு முன் எடுத்துவிடுங்கள்.

செய்முறைக் குறிப்பேட்டில் எப்படி எழுத வேண்டும்?

நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன என்ற வழக்கமான வரிசையே போதும். காண்பன பகுதியில் “நீர்த்துளிகள் காணப்பட்டன” என்று மட்டும் எழுதாமல், மூன்று பாட்டிலையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்: எதில் படலம், எதில் துளி, எதில் தேங்கிய நீர், எத்தனை மில்லி. அன்றைய வானிலையும் ஒரு வரி: வெயிலா, மிஸ்ட்டா, மழையா. வெற்று பாட்டிலிலும் ஈரம் படிந்திருந்தால் அதை அழிக்காமல் எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் குறைக்காமல் இருப்பது ஆசிரியர் பொறுப்பு.